நான்காவது நிமிடத்தில் ஒரு நாற்காலிச் சத்தம்

இது நடந்தது. நம்புங்கள் என்று உங்கள் காலில் விழப் போவதில்லை. ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். பேய்க் கதை கட்டிவிடுகிறவன் தன்னைக் கொஞ்சமாவது தைரியசாலியாகக் காட்டிக்கொள்வான். நடுங்கும் கையோடு விளக்கைப் போட்டேன் என்றாவது சொல்வான். நான் சொல்லப் போவதில் அப்படி எதுவும் கிடையாது. கேட்டு முடித்த பிறகு என்னைப் பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் மிஞ்சாது. தன் முகத்தில் தானே கரி பூசிக்கொள்ள யாரும் கதை கட்ட மாட்டார்கள்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே கேள்விதான். "இது தெளிவா இருக்கா... இல்ல, இது தெளிவா இருக்கா?" லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பேன். வீட்டுக்கு வந்தால் அதே கேள்வியை என் காதிடம் கேட்பேன். ஹாலில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு சிடி பிளேயர். பல வருஷமாக ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருக்கிறேன். ஒரு பைத்தியம் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

எதை மாற்றினாலும், முன்பைவிட நன்றாகிவிட்டதா என்று தெரிய வேண்டும். அதற்குப் புதுப் பாட்டைப் போடக் கூடாது. பாட்டு நன்றாக இருக்கிறதா, பெட்டி நன்றாக இருக்கிறதா என்று குழம்பிவிடும். நன்றாகப் பழகிய பதிவைப் போட வேண்டும். எந்த இடத்தில் என்ன வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்த பதிவு. கடையில் இது நேர்மாறு. எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்களிடம் நான் நன்றாக ஏமாந்திருக்கிறேன்.

என் பரிசோதனைப் பதிவு ஒரு புல்லாங்குழல். ஒரு பெண் தனியாக வாசித்தது. கூட தாளமோ சுருதியோ எதுவும் இல்லை. ஏதோ ஒரு வீட்டு அறையில் பதிவு செய்தது என்று சிடி அட்டையில் போட்டிருந்தது. அந்த அம்மாளின் மூச்சு எனக்கு அத்துப்படி. எங்கே இழுக்கிறார், எங்கே பாதியில் விழுங்குகிறார், எந்த இடத்தில் விரல் துளையில் கொஞ்சம் தாமதமாக விழுகிறது... எல்லாம் தெரியும்.

என் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். பாதி வாரம் இரவுப் பணி. என் காதைப் பற்றி அவளுக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. யாரோ ஒருத்தி எப்போதோ விட்ட மூச்சு இவருக்குக் கேட்கும், பக்கத்தில் வாஷிங் மெஷின் முடிந்து கத்துவது கேட்காது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அதில் பாதி சிரிப்பு, பாதி நிஜம்.

எங்களுக்கு ஒரே மகள். எட்டு வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. ஹாலில் ஜன்னல் பக்கச் சுவரை ஒட்டி ஸ்பீக்கர்கள். வாசல் கதவும் அந்தப் பக்கம்தான். ஸ்பீக்கர்களைப் பார்த்தபடி சோபா. சோபாவுக்குப் பின்னால் ஒரு நடை. நடையின் கோடியில் வாலுவின் அறை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய ஆம்ப்ளிஃபையர் வந்த அன்று, தெரு அடங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுப் புல்லாங்குழலைப் போட்டேன். முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. மூச்சு தனியாக நின்றது. குழல் தனியாக நின்றது. அந்த அறையின் அகலம்கூடக் கேட்டது.

அப்போதுதான்... கிரீச்.

மர நாற்காலியிலிருந்து யாரோ எழுந்துகொள்ளும் சத்தம்.

பிளேயரின் எண்களைப் பார்த்தேன். நான்கு நிமிடம், பதினொரு நொடி.

எத்தனை வருஷமாகக் கேட்கிறேன். இந்தச் சத்தம் இருந்ததே இல்லை. பின்னால் போய் மறுபடி கேட்டேன். கிரீச். இருந்தது. இடது ஸ்பீக்கருக்குப் பின்னால், வெகு தூரத்தில், அந்த அறையின் கடைசிச் சுவர் ஓரத்திலிருந்து வந்தது. நல்ல கருவியில் இப்படித்தான் கேட்கும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று விரலால் சுட்டிக் காட்டலாம். பழைய ஆம்ப் இதை எனக்குத் தெரியாமல் விழுங்கியிருக்கிறது என்று நினைத்தேன். பயம் எதுவும் இல்லை. பூரிப்பில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த சிடியை எடுத்துக்கொண்டு என் நண்பரான பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். அவருக்கும் இதே பைத்தியம். வசதி அதிகம் என்பதால் பைத்தியமும் கொஞ்சம் பெரிது. அவருடைய ஸ்பீக்கர் என் தோள் உயரம் இருக்கும். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நான்கு நிமிடம், பதினொரு நொடி.

ஒன்றுமே இல்லை.

திருப்பிப் போட்டார். ஒன்றுமில்லை. நான் சொல்லி அவர் வாங்கி வைத்திருந்த இன்னொரு பிரதியையும் போட்டார். அதிலும் இல்லை.

"புது ஆம்ப் வாங்கினா நாற்காலி இலவசம் போல" என்றார்.

அறை வாசலில் நின்ற அவர் மனைவி, மைத்துனர் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் வரை சூடேறியது. "எனக்கு லேசா கேட்டுது. கவனிச்சா தெரியும்" என்றேன். பொய். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என் பொய்யைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அதுதான் இன்னும் கூசியது.

வீட்டுக்கு வந்ததும் வீம்பு பிடித்துக்கொண்டது. ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன். ராத்திரி போட்டுக் கேட்டேன்.

நாற்காலி இருந்தது. அதற்குப் பிறகு இன்னொன்றும் இருந்தது.

காலடி.

வெறுங்கால். தரையில் ஒட்டி ஒட்டி எடுக்கும் சத்தம். மெதுவாக இரண்டு மூன்று எட்டு. அப்புறம் நின்றுவிட்டது. இடம்தான் மாறியிருந்தது. கடைசிச் சுவர் ஓரத்தில் இருந்தவர் பாதி அறை தாண்டி வந்திருந்தார்.

அடுத்த தடவை, எதிரொலியைக் குறைக்க ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் கனமான திரை ஒன்றைத் தொங்கவிட்டேன். அன்றைக்குக் காலடி இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் வந்து நின்றது. கூடவே ஒரு மூச்சு. அந்த அம்மாளின் மூச்சு எனக்குத் தெரியும் என்று சொன்னேனே... இது அது இல்லை. கனமான மூச்சு. ஆண் மூச்சு. மாடி ஏறி வந்தவர் விடுவது போல.

மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். கேட்டாள்.

"என்ன கேக்குது?" என்றேன்.

"புல்லாங்குழல் கேக்குது. உள்ள வாலு இருமறது கேக்குது. உங்களுக்கு அது கேக்கலையா?"

எழுந்து போய்விட்டாள். வாலுவுக்கு அந்த வாரம் சளியும் காய்ச்சலும். நிஜமாகவே நான் அந்த இருமலைக் கேட்கவில்லை. காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மனைவிக்கு இரவுப் பணி. கிளம்பும்போது மருந்தைக் காட்டி, இடையிடையே போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். சரி என்றேன். வாலுவுக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்தேன். உடம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அறைக் கதவைச் சாத்த வேண்டாம் என்றாள். சாத்தவில்லை. அவள் தூங்கும் வரைகூட உட்காராமல் ஹாலுக்கு வந்தேன்.

அன்று நான் எதையும் மாற்றவில்லை. புது வயர் இல்லை, ஸ்பீக்கரை நகர்த்தவும் இல்லை. அடுத்த ஞாயிறு பல் டாக்டரை இங்கே வரவழைத்துக் கேட்க வைக்க வேண்டும், அதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று மட்டும்தான் நினைத்தேன். விளக்குகளை அணைத்தேன். பிளேயரின் பச்சை எண்கள் மட்டும் இருட்டில் ஓடின.

மூன்று நிமிடம். அந்த அம்மாள் மூச்சை இழுத்தார். வாசித்தார்.

நான்கு நிமிடம்.

பதினொரு நொடி.

கிரீச்.

தூரத்தில் இல்லை. திரைக்கு முன்னால். ஸ்பீக்கரை ஒட்டி.

கையில் ரிமோட்டை இறுக்கிக்கொண்டேன். காலடி தொடங்கியது. ஒட்டி... எடுத்து. ஒட்டி... எடுத்து. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் வந்தது. நேற்று நின்ற இடம்.

இன்று நிற்கவில்லை.

ஸ்பீக்கரில் வரும் சத்தம் ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கம்தான் கேட்கும். ரொம்ப நல்ல கருவி என்றால் நடுவில் கேட்கும். இந்தப் பக்கம் வராது. வர முடியாது. அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டு காலடி என் ஹாலுக்குள் வந்தது. டீப்பாய்க்குப் பக்கத்தில் கேட்டது. அப்புறம் சோபாவின் இடது கைப்பிடிக்குப் பக்கத்தில்.

மூச்சு என் காதோரம் கடந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை.

இப்போது காலடி எனக்குப் பின்னால்.

பின்னால் ஸ்பீக்கரே கிடையாது.

அந்த நேரம் பார்த்து நடையின் கோடியிலிருந்து இருமல். அப்புறம் வாலுவின் குரல். தூக்கக் கலக்கத்தில், பாதிக் குரலில்.

"அப்பா..."

காலடி நின்றது. கேட்பது போல நின்றது.

ரிமோட்டை அழுத்தினேன். புல்லாங்குழல் பாதி மூச்சில் அறுந்தது. பச்சை எண்கள் நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடியில் உறைந்து நின்றன. வீடு நிசப்தம்.

ஒட்டி... எடுத்து.

ஒட்டி... எடுத்து.

சிடி நின்றுவிட்டது. காலடி நிற்கவில்லை.

நடைக்குள் போகிறது.

வாலுவின் அறைக்கு.

நான் எழுந்தேன்.

ஓடினேன்.

வாசல் கதவுக்கு.

இதை இன்னொரு தடவை சொல்கிறேன், உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். நடை பின்னால் இருந்தது. என் மகள் பின்னால் இருந்தாள். நான் முன்னால் ஓடினேன். கதவைத் திறந்துகொண்டு, வெறுங்காலோடு, மூன்று மாடியும் இறங்கிக் கீழே போய் நின்றேன். மேலே கதவு தானாகச் சாத்திக்கொண்டு டக் என்று பூட்டிக்கொண்ட சத்தம் இரண்டாவது மாடியிலேயே கேட்டது. சாவி உள்ளே.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் செக்யூரிட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்ல. உள்ள ஒரே புழுக்கம்."

அவர் என் காலைப் பார்த்தார்.

மேலே என் குழந்தை தனியாக இருக்கிறாள், கூட வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்ன சொல்வேன்? சிடியிலிருந்து ஒருத்தர் இறங்கி வந்துவிட்டார் என்றா? ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு காதில் கேட்டது. அந்த நிலைமையிலும் எனக்கு அதுதான் தோன்றியது. சிரிப்பார்களே என்று.

சாவி உள்ளே என்று சொன்னேன். அதிலும் முழு உண்மை இல்லை. தரைத்தளத்தில் இருக்கும் அக்காவிடம் எங்கள் வீட்டு மாற்றுச் சாவி எப்போதும் இருக்கும். மனைவியின் பணி நேரத்துக்காகக் கொடுத்து வைத்தது. அந்த அக்கா வீட்டு அழைப்பு மணிக்கு ஓர் எட்டு தள்ளித்தான் நான் நின்றேன். கையை நீட்டினால் எட்டும்.

நீட்டவில்லை.

சாவி கையில் வந்தால் மேலே போக வேண்டியிருக்கும்.

ஒரு தடவை முயற்சி செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். வாலு அழுதால் கேட்குமா என்று பார்க்கப் படியேறினேன். இரண்டாவது மாடித் திருப்பம் வரை போனேன். அழுகை கேட்கவில்லை. புல்லாங்குழல் கேட்டது. நான் நிறுத்திய இடத்திலிருந்து, அந்தப் பாதி மூச்சிலிருந்து தொடங்கி, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

இறங்கிவிட்டேன்.

கட்டடத்தின் பக்கவாட்டுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தேன். வாலுவின் அறை ஜன்னல் அந்தப் பக்கம். உள்ளே சின்ன இரவு விளக்கு எரியும். மஞ்சளாகத் திரை தெரிந்தது.

திரையில் ஒரு நிழல்.

கட்டில் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பெரிய ஆள். தலை குனிந்திருந்தது. அசையவே இல்லை.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு... சுவரோரமாக நகர்ந்து, ஜன்னல் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

விடியும் வரை.

மனைவி பணி முடிந்து வந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. குப்பை போட இறங்கினேன், கதவு சாத்திக்கொண்டது, இப்போதுதான் என்றேன். ஐந்து நிமிடம் இருக்கும் என்றேன். அவள் கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டே படியேறினாள். நான் அவளுக்குப் பின்னால் ஏறினேன். முன்னால் ஏறவில்லை.

ஹாலில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. பிளேயரில் சிடி முடிந்து, எண்கள் பூஜ்யத்தில் நின்றிருந்தன. மனைவி நேராக உள்ளே போனாள். நான் நடையில் நின்றேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன்.

கத்தவில்லை. வாலுவின் குரல்தான் கேட்டது. தண்ணீர் கேட்டாள்.

காய்ச்சல் சுத்தமாக விட்டிருந்தது. போர்வை கழுத்து வரை இழுத்து, இரண்டு பக்கமும் ஓரம் மடித்து மெத்தைக்கு அடியில் செருகியிருந்தது. நான் அப்படிச் செருக மாட்டேன். மனைவியும் செருக மாட்டாள். ஜன்னலோரம் இருக்கும் படிக்கிற நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

ராத்திரி பயமாக இருந்ததா, தூங்கினாளா என்று மனைவி கேட்டாள். வாலு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தாரும்மா" என்றாள்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களைப் போய் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்?

தலையை ஆட்டினேன். "ஆமா, காய்ச்சல் ஜாஸ்தியா இருந்துது" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் தன் அம்மாவிடம் சொன்னாள். மருத்துவமனையில் சொன்னாள். கீழ் வீட்டு அக்காவிடம் சொன்னாள். அந்த அக்கா என்னைப் படியில் பார்க்கும்போதெல்லாம், இந்தக் காலத்தில் எந்த அப்பா இப்படி விழித்திருக்கிறார் என்பார். அவர் வீட்டு மணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அதைச் சொல்வார். நான் சிரிப்பேன்.

செக்யூரிட்டி மட்டும் சிரிக்க மாட்டார். எனக்கு வணக்கம் வைப்பதையும் விட்டுவிட்டார்.

ஸ்பீக்கர், ஆம்ப் எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குத் தள்ளிவிட்டேன். அலுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். சிடியை மட்டும் எறிய மனம் வரவில்லை, வீட்டில் வைத்துக்கொள்ளவும் துணிவில்லை. கடையில் என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

கொஞ்ச மாதம் கழித்துப் பல் டாக்டர் கடைக்கு வந்தார். கண்ணாடி வாங்க வரவில்லை. பரிசோதனை அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கமான கிண்டல் எதுவும் இல்லை.

பல் செட் கட்ட ஒரு பெரியவர் அவரிடம் வந்திருக்கிறார். ஓய்வு பெற்ற ஒலிப்பதிவாளர். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பவரிடம் பேசிக்கொண்டே இருப்பது டாக்டரின் பழக்கம். பேச்சுவாக்கில் அந்தப் புல்லாங்குழல் சிடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதைப் பதிவு செய்ததே தான்தான் என்று பெரியவர் சைகை காட்டியிருக்கிறார். டாக்டருக்கு உற்சாகம். தன் நண்பர் ஒருவருக்கு அதில் நான்காவது நிமிடத்தில் நாற்காலிச் சத்தம் கேட்கிறதாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

பெரியவர் டாக்டரின் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.

அந்த அம்மாளின் வீட்டில்தான் பதிவு நடந்திருக்கிறது. அவருடைய சின்னப் பையனுக்குக் காய்ச்சல், அதனால் வீட்டை விட்டு வர முடியவில்லை. பையன் அடுத்த அறையில் தூங்கினான். கணவர் அறையின் கடைசியில், கதவோரம், ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையன் முழித்தால் போய்ப் பார்க்க. வாசிப்பு நடுவில் பையன் கூப்பிட்டிருக்கிறான். கணவர் எழுந்திருக்கிறார். நாற்காலி கிரீச்சிட்டது. வெறுங்காலோடு நடந்து வெளியே போனார்.

பெரியவர் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தார். காலடி கேட்டது. கனமான மூச்சு கேட்டது. அப்புறம் எதுவோ தொப்பென்று விழுந்த சத்தமும் கேட்டது. வாசிப்பு அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது, நிறுத்த மனம் வரவில்லை என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவரும் நிறுத்தவில்லை. பையன் மட்டும் அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். கதவு சாத்தியிருந்ததால் அது பதிவாகவில்லை.

வாசித்து முடித்த பிறகு போய்ப் பார்த்தார்கள். பையனின் அறை வாசலில் குப்புற விழுந்து கிடந்தார். உயிர் இல்லை. கை மட்டும் நிலைப்படியைத் தாண்டி உள்ளே நீண்டிருந்தது.

அந்தச் சத்தங்களை எல்லாம் பெரியவர் தன் கையாலேயே வெட்டி எடுத்திருக்கிறார். அந்த நொடிகளுக்கு வேறொரு வாசிப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். வெட்டியதை அன்றைக்கே அழித்துவிட்டாராம். எந்த சிடியிலும் அந்த நாற்காலி இருக்க வழியே இல்லை.

"உங்களுக்கு எப்படி சார் கேட்டுது?" என்றார் டாக்டர்.

அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்கக் கேட்க நான் கூனிக் குறுகிப் போனேன். அவர் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த விழுந்த சத்தத்தை நான் கேட்கவே இல்லை. என் வீட்டில் அவர் விழவில்லை. நடை முழுக்க நடந்து போய்விட்டார்.

அன்று ராத்திரியும் மனைவிக்குப் பணி. வாலுவைப் படுக்க வைத்துவிட்டு, நானாகவே நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவள் கேட்கவில்லை. எனக்குத்தான் உட்கார வேண்டும் போலிருந்தது. அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அந்தக் கை இப்படி இருக்காது. ஜில்லுனு இருந்துது."

குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நீ கதவத் தெறந்து ஓடினத நான் பாத்தேன்ப்பா. இங்கேருந்து தெரியும்."

கட்டிலில் இருந்து பார்த்தால் நடை முழுவதும் தெரிகிறது. அதற்கு அப்பால் ஹாலும், வாசல் கதவும். நான் அன்றுதான் அங்கிருந்து பார்த்தேன்.

அவர் யார் என்று கேட்டேன்.

"தெரியாது. வந்துட்டேன், வந்துட்டேன்னு சொல்லிக்கிட்டே வந்தார். என்னத் தம்பி தம்பின்னு கூப்பிட்டார். நான் தம்பி இல்லன்னு சொன்னேன். அவருக்குக் கேக்கல."

பயமாக இல்லையா என்றேன்.

யோசித்தாள். "நீ போனப்பதான் பயமா இருந்துது" என்றாள்.

பிறகு கையை என் கைக்குள்ளிருந்து உருவி, போர்வைக்குள் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். நீ போய்ப் படு."